திரையின் இடது ஓரம்

ஜூலை 18, வெள்ளி

அச்சக முதலாளி அண்ணாச்சி இந்த டைரியைத் தந்தார். அடுத்த வருஷத்துக்கான சாம்பிள். அட்டையில் தங்க எழுத்து கொஞ்சம் விலகி விழுந்துவிட்டதால் ஒதுக்கிவிட்டார்கள். பக்கத்தில் சனி என்று அச்சாகியிருக்கிறது. அதை அடித்துவிட்டு வெள்ளி என்று எழுதியிருக்கிறேன். சிவகாசிக்காரர்களுக்கு இது பழக்கம்தான். ஊர் உலகமெல்லாம் இந்த வருஷத்தில் இருக்கும்போது நாங்கள் அடுத்த வருஷத்து அமாவாசைகளை அச்சடித்துக்கொண்டிருப்போம்.

இதில் எழுத எனக்கு ஒரே விஷயம்தான் இருக்கிறது. லேப்டாப்பை இப்போதே வாங்குவதா, புது மாடல் வரும்வரை பொறுப்பதா?

எனக்கு வேலை கல்யாணக் கார்டு கம்போசிங். பகலில் அண்ணாச்சியின் அச்சகத்தில், சாயங்காலம் வீட்டில். பதினாலு வருஷமாகிறது. இரண்டு இடத்துக்கும் என்னோடு வந்துபோகிற லேப்டாப்புக்கு ஒன்பது வயது. ஒரு கீல் உடைந்து ரப்பர் பேண்டில் நிற்கிறது. நான் அதைக் கிழவன் என்பேன். நாலு மாதமாகக் கிழவனின் திரையில் இடது பக்கம் மங்குகிறது. எழுத்தைத் தின்கிறது என்றே சொல்லலாம்.

கோயம்புத்தூரில் படிக்கிற மகள் பவதாரணி, "அம்மா, இப்பவே வாங்கித் தொலைம்மா" என்கிறாள். அவள் அப்பா காளிராஜன் பொறுத்துப் பார்க்கிற கட்சி. லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்து வராத லாரிக்காகக் காத்திருந்தே பழகியவர். எங்கள் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தது ஏழு வருஷ யோசனைக்குப் பிறகு.

போன மாதம் அச்சகத்தில் கண் முகாம் போட்டார்கள். ஒரு பெண் டார்ச் அடித்துப் பார்த்து, ஏதோ கருவியை வைத்து அழுத்தம் அளந்து, சீட்டில் எழுதிக் கொடுத்தாள். "ஒரு மாசத்துக்குள்ள மதுரை ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் போயிருங்கம்மா." கட்டாயம் என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. கண்ணாடி நம்பர் மாறியிருக்கும், வேறென்ன. பழைய திரைக்குத் தக்க கண்ணாடி வாங்கி என்ன பிரயோஜனம்? முதலில் லேப்டாப், பிறகு கண்ணாடி. சீட்டைப் பக்க அடையாளமாக இந்த டைரிக்குள் வைத்துக்கொண்டேன். அளவு கச்சிதமாக இருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

லேப்டாப் பற்றி வீடியோ போடுகிற பையன்களின் குரல் எல்லாம் ஒன்றுபோல் இருக்கிறது. ஒருவன் தீபாவளியை ஒட்டிப் புது மாடல் வருகிறது என்றான். இப்போது இருப்பதைவிடப் பிரகாசமான திரை, ஓரமே தெரியாத திரை என்றான். ஓரமே தெரியாத என்பதை இரண்டு முறை ஓட்டிக் கேட்டேன்.

சாயங்காலம் பால் வாங்கப் போனேன். விளக்கு போடுகிற நேரம். சைக்கிள் கடை லைட்டைச் சுற்றி நீலம், பச்சை, சிவப்பு என்று வளையம் வளையமாக நின்றது. எங்கள் காலண்டரில் முருகனுக்குத் தலைக்குப் பின்னால் போடுகிற ஒளிவட்டம் அப்படியே. அதற்குக் கீழே உட்கார்ந்து டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவரும் கொஞ்ச நேரம் சாமியாகத் தெரிந்தார். இந்தத் தெருவில் இருபது வருஷமாக இருக்கிறேன், இவ்வளவு அழகு என்று இப்போதுதான் தெரிகிறது. நெற்றிப்பொட்டு லேசாக வலித்தது. இருந்தாலும் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

ஜூலை 26, சனி

வீட்டுக்காரரோடு லேப்டாப் கடைக்குப் போனேன். பதினோரு மாடல்கள் திறந்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பார்த்தேன். ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் இடது பக்கம் மங்கல்!

"இந்த வருசம் வந்தது பூராவும் மட்டமான திரைங்க" என்றேன் அவரிடம்.

அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலயே கனி."

"உங்களுக்கு என்னைக்குத் தெரிஞ்சிருக்கு?"

கடைக்காரர்களும் வெளிச்சத்தை வலது பக்கமே வைத்திருக்கிறார்கள். ஆக, பொறுப்பது என்று முடிவு. அவருக்கு ஏக சந்தோஷம், திரும்பும்போது பருத்திப்பால் வாங்கித் தந்தார். கடைப் படி இறங்கும்போது ஒரு ஸ்கூட்டர் எங்கிருந்தோ முளைத்து இடது முட்டியில் இடித்தது. நிறுத்தி வைத்திருந்த ஸ்கூட்டர்தான். இப்படியா நிறுத்துவது?

ஜூலை 30, புதன்

காபியை டம்ளருக்கு வெளியே ஊற்றினேன். அம்மாவும் இப்படித்தான்.

(மேலே உள்ள வரியை அடிக்க வேண்டும். பேனா மை தீர்ந்துவிட்டது.)

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எங்கள் ஊரில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுகிற நாள். அச்சகத்தில் பூஜை முடிந்து ஆல்பத்தை விரித்தார்கள். லட்சுமி, பிள்ளையார், குழந்தை கண்ணன், அருவி, தாஜ்மகால். எல்லோருக்கும் முன்னால் போய் நின்றுகொண்டேன். லட்சுமியின் தாமரையில் பாதி பனிக்குள் போயிருந்தது. இந்தத் தடவை டிசைன் ரொம்ப நளினம், ஓரத்தில் அப்படியே கரைத்துவிட்டிருக்கிறார்கள் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சுண்டல் சாப்பிட்டியா?" என்றார்.

ஆவணிக் கல்யாண வேலை வந்து குவிகிறது. இன்று விருதுநகர் ராமையா மகள் கல்யாணக் கார்டு. செப்டம்பர் நாலாம் தேதி முகூர்த்தம். போன ஆவணியில் செய்த கோவில்பட்டிக் கார்டு ஒன்றை எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றினேன். எல்லோரும் செய்வதுதான். தட்டிக்கொண்டே இருந்தபோது கொஞ்சம் கண் அசந்தேன் போலிருக்கிறது. புது லேப்டாப் கனவில் வந்தது. அதன் திரைக்குள் நடந்து போகலாம். உள்ளே ஈரமான வெளிச்சம், எந்தப் பக்கம் திரும்பினாலும் முடியவே இல்லை. யாரோ இடது பக்கம் இருந்து கனி என்று கூப்பிட்டார்கள். குரலுக்குத் திரும்புவதற்குள் விழித்துவிட்டேன்.

ராமையாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஓகே என்று கும்பிடு போட்டு அனுப்பினார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

புது மாடல் வரும்வரை கிழவன் ஓட வேண்டுமே என்று ஜெபசிங் கடைக்கு எடுத்துப் போனேன். லேப்டாப் ரிப்பேரில் கெட்டிக்காரர். பேச்சு குறைவு. திரையைக் கழற்றிப் பார்த்தார், கேபிளைப் பார்த்தார், துடைத்து மாட்டினார்.

"ஒரு குறையும் இல்லக்கா. கீலு மட்டும்தான்."

"இடது பக்கம் மங்குதுங்கேன்ல?"

அவர் திரை முழுக்க வெள்ளையாக்கி, எங்கே மங்குகிறது என்று விரல் வைக்கச் சொன்னார். வைத்தேன். பிறகு லேப்டாப்பையே தூக்கித் தலைகீழாகத் திருப்பி வைத்தார். இடது பக்கம் இருந்த உடைந்த கீல் என் வலது பக்கம் வந்துவிட்டது.

"இப்ப எங்கக்கா மங்குது?"

வைத்தேன்.

ஜெபசிங் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, முன்னாடி நீங்க காட்டுன எடம் இப்ப அந்தப் பக்கம் போயிருச்சு. இது நல்ல பக்கம்."

"அப்ப ரெண்டு பக்கமும் கோளாறு" என்றேன். அவர் கூலி வாங்கவில்லை. "மதுரப் பக்கம் போனா..." என்று ஆரம்பித்தார். எனக்கு அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்துவிட்டது. வந்து பார்த்தால் வைக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ராமையா வீட்டுக் கார்டு அச்சாகிப் போய்விட்டது. எண்ணூறு கார்டு, நல்ல சந்தன நிறம். முகர்ந்து பார்த்துத்தான் அனுப்பினேன்.

பவதாரணி பேசினாள். லேப்டாப் என்ன ஆச்சு என்றாள். அக்டோபர் வரை பொறுப்பதன் நன்மைகளைச் சொன்னேன். பேட்டரி, பிரகாசம், ஓரமில்லாத திரை.

"அம்மா, அக்டோபர்ல வாங்கப் போனா ஜனவரில வேற வரும்பாங்க. சரி, கண் முகாம்ல மதுரைக்குப் போகச் சொன்னாங்கன்னியே, போனியா?"

போகிறேன் என்றேன். எப்போது என்று அவளும் கேட்கவில்லை.

பேசி முடித்ததும் அந்தச் சீட்டை எடுத்து வேறு பக்கத்தில் வைத்தேன். டிசம்பரில்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் அச்சகத்தில் என் அறையில் தனியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பொரிகடலை கொறித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டும் இருந்தேன். வெளியில் யாரோ இருமினார்கள். தண்ணீர்ச் சொம்பை எடுக்க இடது கையை நீட்டினேன். கை ஒருவருடைய வயிற்றில் போய் இடித்தது.

அலறிவிட்டேன். அறுபது வயதுக்காரர், வெள்ளை வேட்டி, முறுக்கிய மீசை. நாற்காலிக்கு ஒட்டினாற்போல் நிற்கிறார்.

"கார்டுலதான் என்னைய விட்டுட்டீகன்னா, பக்கத்துல வந்து நின்னாலும் ஆளாத் தெரியலயா? பத்து நிமிசமா நிக்கிறேன். ரெண்டு தரம் இருமியாச்சு. நீ பாட்டுக்குப் பொரிகடலை தின்னுட்டு இருக்க!"

அவர் பெயர் சௌந்தரபாண்டி. ராமையா மகளுக்குத் தாய்மாமன். மடியில் இருந்து கார்டை எடுத்து மேஜையில் போட்டார்.

"யாரும்மா இந்தக் கோவில்பட்டி வேலுச்சாமி? எங்க அக்காவுக்கு எனக்குத் தெரியாம ஒரு தம்பி இருக்கானா? எண்ணூறு வீட்டுக்குப் போயிருச்சு. நாலு பேரு போன் போட்டுக் கேட்டாச்சு, உனக்கும் அக்காவுக்கும் என்ன சண்டைன்னு. நான் இந்தக் கல்யாணத்துக்கு வரல. மாலை எடுத்துக் குடுக்க அந்த வேலுச்சாமியவே கூப்பிட்டுக்கிரட்டும்."

கார்டைப் பார்த்தேன். "வேலுச்சாமின்னு எங்க இருக்கு?" என்றேன். சத்தியமாகத் தெரியாமல்தான் கேட்டேன்.

அவர் விரலை வைத்தார். அந்த விரலே எனக்குப் பாதிதான் தெரிந்தது. முகத்தைத் திருப்பினேன். அப்போதுதான் கார்டின் இடது கீழ் மூலை வந்தது. தாய்மாமன்: திரு. வேலுச்சாமி, கோவில்பட்டி. போன ஆவணியில் நானே அடித்த பெயர். அதை நான் மாற்றவில்லை. அது அங்கே இருப்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ராமையாவும் ஏதோ பெயர் இருக்கிறதே என்று கும்பிடு போட்டிருக்கிறார்.

வாய்விட்டு அழுதேன். சௌந்தரபாண்டி நான் முகத்தைத் திருப்பியதைத்தான் பார்த்திருக்கிறார். கோபத்தில் வந்த மனிதர் சட்டென்று அமைதியாகிவிட்டார்.

"நேரா என்னையப் பாரு தாயி. பாத்துக்கிட்டே இரு." தன் வலது கையை என் இடது பக்கம் விரித்துப் பிடித்து மெதுவாக நடுவுக்குக் கொண்டுவந்தார். "தெரிஞ்சா சொல்லு."

கை கிட்டத்தட்ட அவர் மூக்குக்கு நேராக வந்த பிறகுதான் சொன்னேன்.

"முப்பது வருசம் பஸ் ஓட்டுனவன் நான். இடது கண்ணாடி இல்லாத வண்டி மாதிரி ஓடிக்கிட்டு இருக்கியே, இது உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாததை, சண்டைக்கு வந்த மனிதரிடம் சொன்னேன்.

அவர் கார்டை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். "கார்டத் திருத்தி அடி. கூடவே ஆஸ்பத்திரிச் சீட்டையும் கொண்டாந்து காட்டு. ரெண்டும் வந்தா நான் கல்யாணத்துக்கு வாறேன். இல்லன்னா வேலுச்சாமிதான்."

ஆகஸ்ட் 19, செவ்வாய்

விடியற்காலையில் வாசல் தெளிக்கும் முன், வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றேன். எதிர்வீடு இல்லை. வேப்பமரம் இல்லை. நடுவில் ஒரு சின்ன ஜன்னல் அளவுக்குச் சாம்பல் வெளிச்சம், அதில் தெருக்குழாய் மட்டும். இதை நான் செய்து பார்ப்பது இது முதல் தடவை இல்லை. பங்குனியில் ஒரு முறை பார்த்தேன். அன்றைக்குத்தான் திரையில் கோளாறு என்று சொல்ல ஆரம்பித்தேன்.

அம்மா ஐம்பது வயதில் வெளியே போவதை நிறுத்திக்கொண்டாள். டம்ளருக்கு வெளியே ஊற்றினாள், சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தாள். நாங்கள் சோம்பேறி என்றோம். கடைசி ஆறு வருஷம் ரேடியோவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பயமாக இருக்கிறது. ஐந்து மாதமாகப் பயமாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். வாயில் பிரஷ்ஷோடு கேட்டுக்கொண்டிருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என்று நினைத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "மொதல் பஸ்சு அஞ்சே முக்காலுக்கு. நாளைக்கே போவோம்" என்றார். பொறுத்துப் பார்க்கலாம் என்று அவர் சொல்லாமல் இருந்தது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 21, வியாழன்

நேற்று முழுவதும் மதுரை ஆஸ்பத்திரியில். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ரொம்ப நேரம் ஒரு புள்ளியும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்ததாம்.

டாக்டரம்மா என் வயதுதான் இருப்பார். "கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுத்திருக்கும்மா. இடது கண்ணுல முக்கால்வாசி போயிருச்சு. வலது கண்ணுல மூக்குப் பக்கம் ஆரம்பிச்சிருக்கு. சாயங்காலம் லைட்டைச் சுத்தி வளையம் தெரியுமா?"

"தெரியும். ரொம்ப அழகா இருக்கும்."

அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். அந்த அழுத்தம் ஏறும்போதுதான் வளையம் தெரியுமாம். நான் தெருவில் நின்று ரசித்த ஒவ்வொரு சாயங்காலமும் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது.

"போனது திரும்பாதும்மா. இருக்கிறதக் காப்பாத்தலாம். லேசர் வைப்போம், சொட்டு மருந்து ஆயுசுக்கும். ஒரு நாள்கூட விடக் கூடாது. வீட்டுல வேற யாருக்காவது இருந்துச்சா?"

அம்மாவைச் சொன்னேன். மகளையும் காட்டிவிடச் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு என் கண்ணே மறந்துபோயிற்று. வெளியே வந்து பவதாரணிக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். போகிறேன் என்று சொன்ன பொய்யையும் சொன்னேன். "சரிம்மா, நாளைக்கே காட்டுறேன்" என்றாள்.

லேசர் இரண்டு கண்ணுக்கும் வைத்தாகிவிட்டது. ஊர் திரும்பும்போது விளக்கு போட்டிருந்தார்கள். சைக்கிள் கடை லைட் வெறும் லைட்டாக இருந்தது. பஞ்சர் ஒட்டுகிறவர் வெறும் ஆளாக இருந்தார். நல்லதுதான். ஆனாலும் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

ஆகஸ்ட் 25, திங்கள்

பவதாரணிக்கு ஒன்றும் இல்லையாம். வருஷத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதுமாம். அச்சகத்துப் பிள்ளையாருக்குச் சூறைத்தேங்காய் விட்டேன்.

ராமையா வீட்டுக்கு மறுபடி எண்ணூறு கார்டு. அச்சுக்கூலியை அண்ணாச்சி கேட்கவே இல்லை. "பதினாலு வருசத்துல ஒரு வேலுச்சாமிதான" என்றார். கார்டைக் கடைசியாகப் பார்க்க இனி இன்னொரு ஆள் உண்டு. தாய்மாமன் பெயரை இந்தத் தடவை முதலில் அடித்தேன். பிறகு முகத்தைத் திருப்பி மூன்று முறை படித்தேன். சௌந்தரபாண்டியிடம் கார்டையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் சேர்த்துக் கொடுத்தேன். அவர் கார்டைப் பார்க்கவில்லை, சீட்டைத்தான் முழுக்கப் படித்தார்.

டிசம்பர் பக்கத்தில் இருந்து அந்தப் பழைய சீட்டை எடுக்கப்போய் டைரியைப் புரட்டினேன். ஜூலையில் ஒவ்வொரு வரியும் ஓரத்தில் இருந்து ஒரு விரல் தள்ளி ஆரம்பிக்கிறது. ஆகஸ்ட் தொடக்கத்தில் இரண்டு விரல். சௌந்தரபாண்டி வந்த அன்றைக்கு மூன்று விரல். அத்தனை இடம் அங்கே காலியாகக் கிடந்ததே எனக்குத் தெரியாது. இன்று இடது கை விரலைத் தாளின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டு எழுதுகிறேன். விரலைத் தொட்டுத்தான் வரி ஆரம்பிக்கிறது.

செப்டம்பர் 4, வியாழன்

கல்யாணம். சௌந்தரபாண்டி பட்டு வேட்டியில் மாலை எடுத்துக் கொடுத்தார். என்னை மேடையில் இருந்தே பார்த்துவிட்டு, கையை விரித்து நடுவுக்குக் கொண்டுவந்து காட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் ஆசீர்வாதம் என்று நினைத்திருப்பார்கள். பந்தியில் வரிசைக்கு இடது கோடியில் உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்தால் எல்லோரும் தெரிகிறார்கள்.

செப்டம்பர் 6, சனி

லேப்டாப் கடைக்குப் போனோம். அதே பதினோரு மாடல்கள். இப்போதும் எல்லாவற்றிலும் இடது பக்கம் மங்கல்தான். கொஞ்சம் தள்ளி நின்று, முகத்தைத் திருப்பித் திருப்பி, பெரிய திரை ஒன்றைப் பிடித்தேன். எழுத்தைப் பெரிதாக்கி வலது பாதியில் வைத்துக்கொள்ளலாம். முன்பே ஜெபசிங் சொல்லிக்கொடுத்திருந்தார். கிழவனுக்குக் கீல் போட்டுத் தானே வைத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

கடைக்காரர் நல்ல மனிதர். "அக்கா, இன்னும் ஒரு மாசம் பொறுத்தீகன்னா புது மாடல் வந்துரும். திரை இதவிடப் பிரகாசம்" என்றார்.

என் வீட்டுக்காரரைப் பார்க்க வலது பக்கம் திரும்பினேன். இல்லை. மதுரையில் இருந்து வந்ததில் இருந்து ரோட்டில், பஸ்ஸில், கோவிலில் எல்லாம் அவர் அந்தப் பக்கம் வருவதே இல்லை. எனக்கு முன்னால் நடக்கிற பழக்கத்தையும் விட்டுவிட்டார்.

"வேணாங்க" என்ற குரல் இடது பக்கம் இருந்து வந்தது. "இதையே எடுத்துக்கிருதோம்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.